திசு வளர்ப்புக் கரும்பு: நூறு ஏக்கருக்கு ஓர் ஏக்கர் விதைப் பண்ணை

விழுப்புரம் ஜில்லாவில் கரும்பு பழைய பயிர். அண்டையிலுள்ள நெல்லிக்குப்பத்தில் 1842-ஆம் வருஷத்திலேயே பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலை வைத்தனர். இந்நாளில் முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் உள்ள ஆலைகளைச் சுற்றி, கிணற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் உள்ள கிராமங்களில் கரும்பே முக்கியமான பணப்பயிராக நிற்கிறது. எருவிலும் பாசனத்திலும் நம் விவசாயிகள் காட்டும் சிரத்தை மெச்சத்தக்கது. ஆனால் விதைக் கரும்பின் விஷயத்தில் அத்தகைய சிரத்தை காணப்படுவதில்லை. ஆலைக்கு வெட்டும் கரும்பிலிருந்தே கரணை எடுத்து நடுவதும், அது போதாதபோது பக்கத்து வயலில் கிடைத்ததை வாங்கி நடுவதும் வழக்கமாக இருக்கின்றன.

திண்டிவனம் பக்கத்து விவசாயி நிலக்கடலைக்கு இவ்வாறு செய்வதில்லை. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த டி.எம்.வி. ரகங்களைப் பல தலைமுறைகளாகப் பயிரிட்டு வருபவர் அவர். சில போகங்களுக்கு ஒரு முறை நல்ல விதையை மாற்ற வேண்டும் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். அதே விவசாயி தம் கரும்பு வயலில் ஒரே விதையைப் பல வருஷங்கள் சுற்றிச் சுற்றி நடுகிறார். ஆகவே கரும்புக்கு விதை மாற்றுவது ஏன் அவசியம், அதற்குத் திசு வளர்ப்பு என்னும் முறை எவ்வாறு உதவுகிறது, அதை ஒரு கிராமம் குறைந்த செலவில் கையாளும் வழி யாது என்பவற்றை இங்கே கூறுவோம்.

விதையாகும் கரணையின் குறை

நெல்லையும் கடலையையும் போல் கரும்பை உண்மையான விதையிலிருந்து பயிரிடுவதில்லை. பூவிலிருந்து வரும் விதையில் தாயின் குணம் மாறிவிடும். அம்மாற்றம் புது ரகம் உண்டாக்குவோருக்கே வேண்டும். 1912-இல் ஏற்பட்ட கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும், அவருக்குப் பின் வெங்கட்ராமனும் இதையே கொண்டு நாணலோடு கரும்பை ஒட்டிப் புது ரகங்களை எடுத்தனர். 1918-இல் வெளிவந்த கோ 205 அவற்றில் முதலாவதாகப் புகழ் பெற்றது. சாகுபடியாளருக்கோ ரகம் மாறாமல் இருக்க வேண்டும். அதற்குக் கரணையே வழி.

கரணைக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, பெருக்கம் மெதுவானது. ஏக்கருக்கு இருபருக் கரணைகள் 30,000 வேண்டும். ஆகவே ஓர் ஏக்கர் விதைக் கரும்பைக் கொண்டு எட்டு அல்லது பத்து ஏக்கருக்கு மேல் நட முடியாது. நெல்லில் ஒரு மணி நூற்றுக்கணக்கான மணிகளாவதோடு ஒப்பிட்டால் இதன் அற்பத்தை உணரலாம்.

இரண்டாவது குறையே பெரியது. கரணை என்பது தாய்ச் செடியின் உடலில் ஒரு துண்டு. தாய்க்கு இருந்த வியாதி கரணையோடு வந்து சேரும். செவ்வழுகல், கரிப்பூட்டை, புல்தழை நோய், மறுதாம்புக் குட்டை நோய், மஞ்சள் இலை நோய் ஆகிய ஐந்தும் விதைக் கரணையால் பரவுகின்றன. செவ்வழுகலில் கரும்பைப் பிளந்தால் சிவப்பும் இடையிடையே வெண்பட்டையும் தெரியும். கரிப்பூட்டையில் நுனியிலிருந்து கருஞ்சாட்டை கிளம்பும். இவை கண்ணுக்குத் தெரியும் பகைவர்கள். மறுதாம்புக் குட்டை நோயும் மஞ்சள் இலை நோயும் அப்படியல்ல. இளம்பயிரில் ஒன்றும் தெரியாது. கரும்பு சிறுத்து, கணு நெருங்கி, எடை குறைந்த பிறகு, நிலம் சோர்ந்துவிட்டது என்றோ ரகம் தேய்ந்துவிட்டது என்றோ விவசாயி நினைத்துக் கொள்கிறார்.

2000-இல் தென்னிந்தியாவுக்கென வெளியிடப்பட்ட கோ 86032 நம் பக்கத்தில் பெரும் பரப்பைப் பிடித்தது. பல வருஷங்கள் விதை மாற்றாமல் நட்ட இடங்களில் இந்த ரகமும் வீரியம் குன்றக் காண்கிறோம். கோயம்புத்தூர் நிலையத்தார் ஆராய்ந்ததில் இதற்கு மஞ்சள் இலை நோய் போன்றவை முக்கிய காரணமெனத் தெரிந்தது. ரகத்தின் குணம் அப்படியேதான் இருக்கிறது. வியாதிச் சுமையே ஆண்டுக்காண்டு கூடுகிறது.

கரணையை 50 டிகிரி சூட்டில் நீராவிக் காற்றில் ஒரு மணி நேரம் வைப்பது புல்தழை நோய்க்கு நல்ல சிகிச்சை. ஆனால் மஞ்சள் இலை நோயை உண்டாக்கும் வைரஸ் இத்தகைய சூட்டினால் விலகுவதில்லை. இங்கேதான் திசு வளர்ப்பு நமக்கு வேண்டியிருக்கிறது.

புல்லினத்தில் அறியப்பட்ட ஊக்கிகள்

கரும்பு புல்லினத்தைச் சேர்ந்தது. நெல், சோளம், கம்பு, மூங்கில் எல்லாம் இதன் உறவு. பயிர்களின் உடலில் மிகச் சிறிய அளவில் ஊறி, எந்தப் பாகம் வளர வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று நியமிக்கும் பொருள்களை ஹார்மோன்கள், அதாவது பயிர் ஊக்கிகள் என்பர். இவற்றில் முக்கியமானவை பெரும்பாலும் புல்லினப் பயிர்களிலேயே முதலில் அறியப்பட்டன. 1880-இல் டார்வின் புல் முளைகளைக் கொண்டு, வெளிச்சத்தை நோக்கி வளையச் செய்யும் செய்தி முளையின் நுனியிலிருந்து கீழே இறங்குவதைக் காட்டினார். அச்செய்தியைக் கொண்டு செல்லும் பொருளை 1928-இல் வெண்ட் என்பவர் ஓட்ஸ் முளையிலிருந்து பிரித்துக் காட்டினார். அதுவே ஆக்ஸின். நெற்பயிரை நெட்டையாக ஓடச் செய்யும் வியாதியை ஆராய்ந்த குரோசாவா 1926-இல் கண்ட பொருள் பிறகு ஜிப்ரெலின் எனப் பெயர் பெற்றது. குருத்தைப் பிரித்துப் பெருக்கும் கைனடின் 1955-இல் அமெரிக்காவில் ஸ்கூக், மில்லர் முதலியோரால் அறியப்பட்டது. அது கிடைத்தது மீனின் விந்துப் பொருளிலிருந்து. ஆனால் அதே வகையைச் சேர்ந்து பயிரில் இயற்கையாக உள்ள ஸியாட்டின் என்பதை 1963-இல் லீதம் இளம் மக்காச்சோளக் கதிரிலிருந்து எடுத்தார். இவ்வகைக்குச் சைட்டோகைனின் என்று பெயர். நம் வீட்டு இளநீரிலும் இது உண்டு. 1941-இலேயே இளநீரை வளர்ப்புக் கரைசலில் சேர்த்து இளங்கருக்களை வளர்த்திருக்கின்றனர்.

இந்த ஊக்கிகளின் வேலையை நம் விவசாயிகள் பெயர் தெரியாமலே பார்த்து வருகிறார்கள். முருங்கைக் கன்றின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கின்றன. இளங்குருத்துப் புழு தாக்கி நடுக்குருத்து காய்ந்த கரும்பில் அடியிலிருந்து புதுத் தூர்கள் கிளம்புகின்றன. நுனியில் ஊறும் ஆக்ஸின் கீழிறங்கி வரும் வரையில் பக்கப் பருக்கள் உறங்கும். நுனி போனதும் அந்தக் கட்டு அறுந்து, வேரிலிருந்து ஏறும் சைட்டோகைனினுடைய கை ஓங்குகிறது. உடனே பருக்கள் விழிக்கின்றன. 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவைக் கொண்டு இதைத் திட்டமாகக் காட்டினர். ஆக்ஸின் மிகுந்தால் வேர் வரும். சைட்டோகைனின் மிகுந்தால் குருத்து வரும். இரண்டும் ஒரு நிதானத்தில் இருந்தால் வேருமின்றிக் குருத்துமின்றித் திசுக்கட்டியாகவே பெருகும். திசு வளர்ப்பின் சூட்சுமம் முழுவதும் இந்த விகிதத்தில் அடங்கியிருக்கிறது.

ஆய்வுசாலையில் நடப்பது

வியாதியற்ற வயலில் நிற்கும், ரகம் தவறாத, ஆறு முதல் எட்டு மாதக் கரும்பின் நுனியை எடுத்து, தோகை உறைகளை ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள். உள்ளே கடைசியில் இருப்பது வளர்முனை. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுள்ளது. பூதக்கண்ணாடியின் கீழ்க் கத்தி கொண்டு அதை வெட்டி எடுக்கிறார்கள். அந்த முனைக்குள் சாறோடும் நரம்புகள் இன்னும் எட்டவில்லை. அங்குள்ள அணுக்கள் வைரஸ் பெருகுவதைக் காட்டிலும் விரைவாகப் பெருகுகின்றன. ஆகவே தாய்க் கரும்பில் வைரஸ் இருந்தாலும் வளர்முனை பெரும்பாலும் அதற்குத் தப்பியிருக்கும். துண்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவு சுத்தம். ஆனால் பிழைப்பதும் அவ்வளவு கடினம். வளர்முனையைக் கொண்டு வைரஸ் இல்லாத செடி எடுக்கலாம் என்பதை 1952-இல் பிரான்ஸ் தேசத்தில் மோரெல், மார்ட்டின் இருவரும் டாலியாப் பூச்செடியில் காட்டினர்.

இத்துண்டை உப்புச் சத்துகள், சர்க்கரை, வைட்டமின்கள் கலந்த கரைசலில் வைக்கிறார்கள். 1962-இல் முரஷிகே, ஸ்கூக் இருவரும் வகுத்த கரைசலே இன்றும் பெரும்பாலும் உபயோகப்படுகிறது. பாத்திரமும் கரைசலும் நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி சூட்டில் சுத்தி செய்யப்படுகின்றன. வடிகட்டிய காற்று வீசும் மேஜைமேல் வேலை நடக்கிறது. ஒரு பூஞ்சண வித்து விழுந்தாலும் அந்தப் புட்டி வீண். கரும்புக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. வெட்டிய இடத்திலிருந்து கசியும் சாறு கரைசலைக் கறுக்கச் செய்து திசுவைக் கொல்லும். ஆகையால் ஆரம்பத்தில் அடிக்கடி புதுக் கரைசலுக்கு மாற்ற வேண்டும்.

துண்டு பசுமையாகத் தலையெடுத்தபின், கைனடினும் பென்சில் அமினோ பியூரினும் சேர்ந்த கரைசலுக்கு மாற்றுகிறார்கள். இவை லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ சேர்கின்றன. அவ்வளவுக்கே குருத்தின் அடியிலிருந்து புதுக் குருத்துகள் கொத்தாகக் கிளம்புகின்றன. வயலில் தூர் கட்டுவதுதான் புட்டிக்குள்ளும் நடக்கிறது. சில வாரங்களுக்கு ஒரு முறை கொத்தைப் பிரித்துப் புதுப் புட்டிகளில் வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்று மூன்றாகிறதென்று வைத்துக்கொண்டால், எட்டு முறைகளில் ஒரு குருத்து 6,561 குருத்துகளாகும். போதிய அளவு பெருகியதும் சைட்டோகைனினை நிறுத்தி, என்.ஏ.ஏ. என்னும் ஆக்ஸின் சேர்ந்த கரைசலில் வைத்தால் வேர் இறங்கும். பிறகு புட்டியை விட்டு எடுத்துக் கழுவி, நிழற்கூடத்தில் ஈரக்காற்றில் வைத்து, ஒன்று அல்லது ஒன்றரை மாதம் பழக்கிய பின்னரே நாற்று வயலுக்கு வரும். புட்டியிலிருந்து வந்த நாற்றை நேரே வெயிலில் நட்டால் வாடிச் சாகும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது

திசு வளர்ப்பினால் கிடைப்பவை இரண்டு: விரைந்த பெருக்கமும், வியாதியற்ற விதையும். புதுக் குணம் எதுவும் கிடைக்காது. 1980-களில் பெயர் பெற்றிருந்த கோசி 671 செவ்வழுகலுக்கு எளிதில் இரையாகும் ரகம். அதைத் திசு வளர்ப்பில் பெருக்கினாலும் அந்தக் குறை நீங்காது. அவ்வாறே, சுத்தமான நாற்று வியாதியை எதிர்க்கும் நாற்று ஆகிவிடாது. மஞ்சள் இலை நோயை அசுவினிப் பூச்சி ஒரு வயலிலிருந்து மறுவயலுக்குக் கொண்டு செல்கிறது. நோயுள்ள பழைய கரும்பின் அருகில் நட்டால் சுத்தமான நாற்றும் நாளடைவில் கெடும். நாற்றை வாங்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

ஊக்கியைத் தண்ணீரில் கரைத்து வயலில் தெளித்தால் இந்தப் பெருக்கம் வருமா என்று சிலர் கேட்கின்றனர். வராது. புட்டிக்குள் உணவும் சூடும் வெளிச்சமும் வேறு உயிர்களின் போட்டியின்மையும் சேர்ந்தே ஊக்கிக்குப் பலன் தருகின்றன. வேறு சிலர், ஊக்கி போட்டு வளர்த்த நாற்று நிலத்தைக் கெடுக்குமோ என அஞ்சுகின்றனர். புட்டியில் சேர்த்தது அற்பமான அளவு. வயலுக்கு வந்தபின் அந்நாற்று மற்றக் கரும்பைப் போலவே மண்ணிலிருந்து உண்டு வளர்கிறது. அச்சத்துக்கு இடமில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஊக்கியின் அளவை மிகுத்தும், எல்லையின்றி மீண்டும் மீண்டும் பிரித்தும், அல்லது திசுக்கட்டியாகப் பெருக்கி அதிலிருந்து குருத்து எடுத்தும் நாற்று தயாரித்தால் ரகத்தின் குணம் பிசகக்கூடும். கட்டி வழியில் கரும்பை மீண்டும் செடியாக்கலாம் என 1969-இல் ஹவாயில் ஹைன்ஸ், மீ இருவரும் காட்டினர். புது ரகம் தேடுவோருக்கு அவ்வழி உதவலாம். விதைக்கு வேண்டியது வளர்முனையிலிருந்து நேரே வந்த குருத்தே. திசு வளர்ப்பு நாற்றுகளுக்கு வைரஸ் சோதனையும் ரகத் தூய்மைச் சோதனையும் செய்து சான்று வழங்கும் ஏற்பாட்டை இந்திய சர்க்கார் 2006-இல் செய்திருக்கின்றனர். சான்று அட்டை இல்லாத நாற்றை, விலை எவ்வளவு மலிந்தாலும், வாங்கலாகாது.

நூறு ஏக்கருக்கு ஓர் ஏக்கர்

திசு வளர்ப்பு நாற்று கரணையைவிட விலை கூடியது. எல்லா வயலிலும் இதையே நட வேண்டுமென்று எண்ணினால் எவருக்கும் கட்டாது. அது தேவையுமில்லை. ஐந்தடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 4,356 நாற்றுகள் போதும். மார்கழியில் ஓர் ஏக்கர் நட்டால் ஆனி ஆடியில் ஏழு மாத விதைக் கரும்பு கிடைக்கும். அதைத் தனிப்பருவத்தில் எட்டு முதல் பத்து ஏக்கரில் நடலாம். அப்பயிரை மீண்டும் தை மாசியில் வெட்டினால் முன்பட்டம், நடுப்பட்டங்களில் அறுபது முதல் நூறு ஏக்கர் வரை நடலாம். ஏறக்குறைய பதினான்கு மாதங்களில் ஒரு கிராமத்துக் கரும்பு நிலம் பெரும்பாலும் சுத்த விதைக்கு மாறிவிடும். ஓர் ஏக்கர் நாற்றின் விலையை நூறு ஏக்கருக்குப் பங்கிட்டால் சுமை மிகச் சிறிது.

இரண்டாம் தலைமுறையில் கரணைக்குப் பதிலாக ஒருபரு நாற்றுகளைத் தட்டுகளில் வளர்த்து, நீடித்த நவீன கரும்பு சாகுபடி முறைப்படி ஏக்கருக்கு 5,000 வீதம் நட்டால், விதை இன்னும் பல மடங்கு நீளும்.

முதல் தலைமுறைப் பயிரைப் பார்த்து மனம் தளரலாகாது. திசு வளர்ப்பு நாற்று தூர் மிகுதியாக வெடிக்கும். கரும்பு சற்று மெலிந்திருக்கும். புட்டியில் ஏற்பட்ட ஊக்கியின் வாசனை முதற்பயிரில் சிறிது நிற்பதே காரணம். அடுத்த தலைமுறையில் பருமன் சரியாகிவிடும். ஆகவே முதற்பயிரை ஆலைக்கு அனுப்ப எண்ணாமல் விதைக்கே விட வேண்டும். பரு மிகுந்த மெல்லிய கரும்பு விதைக்குக் குறையாகாது.

பண்ணையைக் காக்கும் முறை

1. சென்ற பருவத்தில் கரும்பு நின்ற நிலத்தில் விதைப் பண்ணை வைக்கலாகாது. பழைய கட்டைகளிலிருந்து வரும் முளை ரகத்தையும் கெடுக்கும், வியாதியையும் கொடுக்கும்.

2. மற்றக் கரும்பு வயல்களை விட்டு ஒதுங்கிய, வடிகாலுள்ள நிலமே தக்கது. பிறர் கரும்பு வயலில் பாய்ந்த நீர் இப்பண்ணைக்குள் வரலாகாது. செவ்வழுகல் நீரோடும் பரவும்.

3. மாதம் ஒரு முறை வயலைச் சுற்றிப் பார்த்து, கருஞ்சாட்டை விட்ட தூரையும், வெளிறிய மெல்லிய தழையோடு புல் போல் அடர்ந்த தூரையும் வேரோடு தோண்டி எரிக்க வேண்டும். முதல் தலைமுறையில் தூர் மிகுந்திருப்பதைக் கண்டு புல்தழை நோயென மயங்கலாகாது. நல்ல தூரின் இலை கரும்பச்சையாக இருக்கும். நோயுற்ற தூரின் இலை வெளிறி வெண்மை பாய்ந்திருக்கும்.

4. மறுதாம்புக் குட்டை நோய் வெட்டுக் கத்தியினால் பரவுகிறது. விதை வெட்டும் ஆட்கள் வேறு வயலில் உபயோகித்த கத்தியைக் கிருமிநாசினியில் நனைத்த பிறகே இவ்வயலில் இறங்க வேண்டும். கூலியாட்களுக்கு இதை முன்னரே சொல்லி வைப்பது நலம்.

5. மறுதாம்புப் பயிரிலிருந்து விதை எடுக்கலாகாது. மறுதாம்பு ஆலைக்கே உரியது.

6. மூன்று தலைமுறைகளுக்குப் பின் மீண்டும் புது நாற்று கொண்டு வர வேண்டும். முன் பண்ணை நன்றாக இருந்ததென்று அதையே நீட்டினால் பழைய நிலைக்கே திரும்புவோம்.

கிராம அதிகாரிகளுக்கு

ஒருவர் தனியாகச் செய்வதைவிடக் கிராமத்தார் சேர்ந்து செய்வதில் இந்த முறையின் பலன் முழுவதும் இருக்கிறது. ஒருவர் சுத்த விதை நட்டு, சுற்றிலும் பத்துப் பேர் வியாதி விதை நட்டால், இரண்டு பருவங்களில் எல்லாம் ஒன்றாகிவிடும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் முனைந்து, கிராமத்தில் கரும்புப் பரப்பு எவ்வளவு, எந்த ரகம், எத்தனை வருஷமாக விதை மாற்றவில்லை என்று ஒரு பட்டியல் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. விதைப் பண்ணைக்குத் தக்க நிலமுள்ளவர் ஒருவரைக் குறித்து, விதையை எல்லாரும் என்ன விலைக்குப் பெறுவது என்று நடவுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். நட்ட பின் விலை பேசினால் பண்ணை வைத்தவர் விதையை ஆலைக்கே அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. எந்த வயலில் எத்தனையாவது தலைமுறை நடப்பட்டதென்று ஒரு குறிப்புப் புத்தகம் இருப்பது மிகவும் அவசியம். அது இல்லாவிட்டால் மூன்றாம் வருஷத்தில் எது சுத்த விதை, எது பழைய விதை என்று யாருக்கும் தெரியாது.

நாற்று வேண்டுவோர் கோட்டக் கரும்பு அலுவலரையோ அடுத்துள்ள வேளாண் விரிவாக்க மையத்தையோ நடவுக்கு ஆறு மாதம் முன்பே அணுகிப் பதிவு செய்து கொள்வது சிலாக்கியம். வளர்முனையில் தொடங்கி நாற்றாக வருவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். கேட்டவுடன் கொடுக்கக்கூடிய சரக்கன்று இது.

நல்ல நிலமும் எருவும் தண்ணீரும் உழைப்பும் நம்மிடம் இருக்கின்றன. அவ்வளவையும் வியாதி குடிகொண்ட கரணைக்கு ஊட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பது போலாகும். வருகிற மார்கழியில் ஒவ்வொரு கரும்புக் கிராமத்திலும் ஓர் ஏக்கர் விதைப் பண்ணையேனும் எழும்பும்படி விவசாயிகளும் அதிகாரிகளும் முயல்வார்களாக.